மூட்டுகளைப் பாருங்கள்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு; அதையும் தாண்டி மாரமங்கலம். இருவர் படுக்கும் குட்டி வீட்டு வண்டியை இந்தப் பாதையில் இழுத்து வந்தால் அதன் கட்டுமானத் தரம் தெரிந்துவிடும். வளைவுக்கு வளைவு உடல் முறுக்கிக்கொள்ளும், ரிவெட் தளரும், தளர்ந்த இடத்தில் ஐப்பசி மழை இறங்கும்.

ஆகவே மெத்தையையும் விளக்கையும் விட்டு மூட்டுகளைப் பாருங்கள். விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்திருப்பார்கள். மூலையில் பசை வெடித்திருந்தால் உள்ளே பிளைவுட் ஊறியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். 1968இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்த 13 அடி போலர் வீட்டு வண்டி எனக்குப் பிடித்தது இதனால்தான். மேலோடு, கீழோடு என இரண்டே ஃபைபர் ஓடுகள், மூடி போட்ட சம்படம் மாதிரி. உடலைச் சுற்றி ஒரே மூட்டு.

கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டும் கைகளுக்கு மூட்டுகளின் நுணுக்கம் அத்துப்படி. நூல் பிடித்தாற்போல் ஓடும் அவர்களது ரிவெட் வரிசை கண்ணுக்கு விருந்து. அந்தச் சீரான இடைவெளிதான் தகட்டை அசையாமல் பிடிக்கிறது.

வாங்குமுன் கூரைமேல் கால் மணி நேரம் தண்ணீர் பாய்ச்சிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.