விளிம்பில் தெரியும் கைத்திறன்

கையால் தைத்த தோல் பணப்பை ஒன்றை எடுத்துப் பார்க்கும் தேர்ந்த ரசிகர், அதன் முகப்பில் ஓடும் நிறத்தையோ பொறித்த பூவேலையையோ கவனிப்பதற்கு முன்பு, அதைப் பக்கவாட்டில் திருப்பி விளிம்பைத்தான் பார்ப்பார். முகப்பின் அழகில் பெரும்பங்கு பதனிட்டவருக்கும் அந்தப் பிராணி மேய்ந்து வளர்ந்த விதத்துக்கும் உரியது. விளிம்போ முழுக்க முழுக்கச் செய்தவரின் கையைச் சேர்ந்தது. இரண்டு மூன்று அடுக்குத் தோல்கள் ஒட்டித் தைக்கப்பட்டுச் சேரும் அந்த மெல்லிய கோட்டில், கத்தி கூராக இருந்ததா, பசை ஒரே சீராகப் பரவியதா, தையலின் இழுப்பு சமமாக இருந்ததா, வேலையை முடிக்கும் நேரத்தில் செய்தவருக்குப் பொறுமை மிச்சமிருந்ததா என்பதெல்லாம் மறைக்க முடியாதபடி பதிந்துவிடுகின்றன. பொழுதுபோக்காகத் தோல்வேலை செய்வோரின் கருவிகள், பொருட்கள், முடிப்பு முறைகள் எல்லாவற்றையும் இந்த ஓரத்திலிருந்தே பார்க்கலாம்.

முதலில் தோல். பதனிடுதல் என்பது, உரித்த தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகள் அழுகாதபடி அவற்றோடு வேறொரு பொருளைப் பிணைத்து நிலைப்படுத்தும் வேலை. இன்று உலகில் விற்கும் தோலின் பெரும்பகுதி குரோமியம் சல்பேட் உப்பால் பதனிடப்படுவது; ஓரிரு நாளில் பதம் ஏறிவிடும், மெத்தென்றிருக்கும், கொதிநீரின் சூட்டையும் ஏறக்குறையத் தாங்கும். மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றின் துவர்ப்புச் சத்தான டானினால் பதனிடும் பழைய முறையோ வாரக்கணக்கிலும் சில ஆலைகளில் மாதக்கணக்கிலும் நடப்பது. அப்படிப் பதனிட்ட தோல் சற்று விறைப்பாக இருக்கும். ஆனால் நனைத்து அழுத்தினால் அழுத்திய வடிவத்தை ஏற்கும், காய்ந்தபின் அந்த வடிவத்தை விடாது. பூவேலை பொறிப்பதும், உறைகளை அச்சில் வார்ப்பதும், விளிம்பைத் தேய்த்து மெருகேற்றுவதும் இந்தக் குணத்தை நம்பியே நடக்கின்றன. குரோம் தோலின் ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் அது நார்நாராகவே நிற்கும். தொடக்கநிலையாளர் பலர் மலிவாகக் கிடைத்த குரோம் துண்டை வைத்துக்கொண்டு ஓரம் பளபளக்கவில்லையே என்று கையை நொந்துகொள்கிறார்கள். குறை கையில் இல்லை.

ஒரே மாட்டுத் தோலிலும் இடத்துக்கு இடம் தன்மை மாறும். முதுகிலும் பின்புறத்திலும் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். வயிற்றுப் பகுதியில் தளர்ந்து, இழுத்தால் நீளும். அதனால்தான் இடுப்புவாரை எப்போதும் முதுகின் நீளவாக்கில் வெட்டுகிறார்கள். மயிர் இருந்த மேற்புறம் நுண்ணிய இழைகளாலும், சதையை ஒட்டிய உட்புறம் பருத்த தளர்ந்த கற்றைகளாலும் ஆனவை. கனத்தை அமெரிக்கர்கள் அவுன்ஸில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். இடுப்புவாருக்கு மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் வேண்டும். பணப்பையின் உள்ளடுக்குகளுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனாலே பை புடைத்துவிடும்.

தாவரப் பதனீட்டில் தமிழகத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆவாரம்பட்டையும் கொன்றைப்பட்டையும் ஊறிய நீரில் பதனிட்டு, கடுக்காய் நீரில் முடித்து, எண்ணெய் தடவி உலர்த்திய வெளிர்நிறத் தோல்கள், 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குக் கப்பலேறின. அந்தப் பெயரே இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனால் இந்தத் தோலுக்குப் புகழ் மட்டுமே சேரவில்லை. நூற்கட்டுத் தோல்கள் ஏன் விரைவில் சிதைகின்றன என்று ஆராய்ந்து 1901இல் இலண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் வெளியிட்ட குழு அறிக்கை, சந்தையில் ‘பெர்சியன்’ என்று அழைக்கப்பட்ட ஆவாரம்பட்டைத் தோலை நூற்கட்டுக்கு ஆகாதவற்றின் வரிசையில் வைத்தது. காரணம் வேதியியலில் இருக்கிறது. டானின்கள் இருவகை. ஆவாரையிலும் வாட்டில் மரப்பட்டையிலும் உள்ள செறிவுவகை டானின், காற்றிலுள்ள கந்தக வாயுக்களை உறிஞ்சி நாளடைவில் தோலைச் செந்தூளாக உதிரச் செய்யும். கடுக்காய், சுமாக் இலை ஆகியவற்றிலுள்ள நீராற்பகுபடும் வகை அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. நூறாண்டு அசையாமல் அலமாரியில் நிற்க வேண்டிய நூலுக்கு இது பெருங்குறை. நாள்தோறும் கைபட்டு எண்ணெய் ஏறும் பைக்கும் வாருக்கும் இந்தத் தோல் இன்றும் அருமையான பொருள்தான். சென்னைப் பெரியமேட்டில் சதுர அடிக் கணக்கில் தோல் வாங்கப் போகிறவர், கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, பதனீட்டு வகையை.

கருவிகளைப் பொறுத்தவரை, இந்தக் கலைக்குத் தேவையானவை குறைவு, விற்கப்படுபவையோ ஏராளம். பாரிஸின் வெர்ஜே பிளான்ஷார் 1823இலும், அமெரிக்காவின் சி.எஸ். ஆஸ்போர்ன் 1826இலும், ஷெஃபீல்டின் ஜார்ஜ் பார்ன்ஸ்லி 1836இலும் தொடங்கியபோது, அவற்றின் வாடிக்கையாளர்கள் சேணம் செய்வோரும் செருப்புத் தைப்போருமே. இதைப் பொழுதுபோக்காகப் பரப்பியதில் டெக்சஸைச் சேர்ந்த டாண்டி நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவமனைகளில் படைவீரர்களுக்குத் தோல்வேலை ஒரு சிகிச்சையாகக் கற்பிக்கப்பட்டதைக் கண்ட சார்லஸ் டாண்டி, அதில் ஒரு சந்தை இருப்பதை உணர்ந்தார். அந்நிறுவனத்துக்காகப் பல வழிகாட்டி நூல்களை எழுதிய ஆல் ஸ்டோல்மனின் கைத்தையல் நூல் பயிற்சியாளர்களின் மேசைகளில் இன்றும் கிடக்கிறது. பரப்பியவர்களே பெட்டி பெட்டியாகக் கருவிகளையும் விற்றதால், ஐம்பது முத்திரை அச்சுகள் வைத்திருந்தும் கூரான கத்தி ஒன்றுகூட இல்லாத பொழுதுபோக்காளர்கள் பெருகினார்கள் என்றால் அது மிகையல்ல.

கத்திதான் தலைக்கருவி. அரைவட்டக் கத்தியோ, நேர்விளிம்புள்ள ஜப்பானியச் சீவுகத்தியோ, எதுவானாலும் அதன் பயன் தீட்டலில் இருக்கிறது. மரப்பலகையில் ஒட்டிய தோல் வாரின் மீது பச்சைநிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தேய்த்து, வேலைக்கிடையே அவ்வப்போது கத்தியைப் பின்னோக்கி இழுத்துத் தீட்டிக்கொள்வது வழக்கம். மடியும் இடங்களிலும் அடுக்குகள் சேரும் இடங்களிலும் உட்புறத்தைச் சரிவாகச் சீவி மெலிதாக்குவதைச் சீவல் என்கிறார்கள். மழுங்கிய கத்தி சீவாது, கிழிக்கும். அந்தக் கிழிசல் பின்னால் விளிம்பில் பள்ளமாக வந்து நிற்கும்.

தையல் தனியே நின்று ரசிக்கத் தக்கது. சேணத் தையல் என்று பெயர் பெற்ற முறையில், ஒரே நூலின் இரு முனைகளிலும் முனைமழுங்கிய இரண்டு ஊசிகள் கோக்கப்பட்டு, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் எதிரெதிராகச் செல்கின்றன. இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி மாட்டிக்கொண்டு நிற்பதால், ஓரிடம் அறுந்தால் வரிசையே பிரியக்கூடும். சேணத் தையலில் ஒரு பக்க இழை தேய்ந்து அறுந்தாலும் மறுபக்க இழை துளைக்குத் துளை பிடித்துக்கொண்டிருக்கும். முதலில் பல் வரிசையுள்ள குறியிரும்பைச் சுத்தியால் தட்டி, மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் சாய்வான தடங்களைப் பதிக்கிறார்கள். பிறகு வைரவடிவ வெட்டுமுகமுள்ள குத்தூசி அந்தத் தடத்தின் சாய்வை அப்படியே பின்பற்றி உள்ளே இறங்க வேண்டும். நுனி மறுபுறம் வெளிவரும் இடம் ஓரத்திலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் பின்பக்கத் தையல் பாம்பாக நெளியும். தேன்மெழுகு பூசிய ஆளிநார் நூல் துளையை நிரப்பி நிற்க, முதல் ஊசி எந்தப் பக்கமிருந்து நுழைகிறது, இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு மேலாகச் செல்கிறதா கீழாகச் செல்கிறதா என்ற ஒழுங்கு தொடக்கம் முதல் இறுதிவரை மாறக் கூடாது. மாறிய இடத்தில் ஒரு தையல் சாயாமல் நேராகப் படுத்துவிடும். பழகிய கண் அதைத் தொலைவிலிருந்தே பிடித்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. தமிழகத் தெருவோரத்தில் செருப்புத் தைப்பவர், நுனியில் கொக்கி வெட்டிய குத்தூசியால் நூலைக் கண்ணியாக மேலே இழுத்து, மறுமுனையை அதற்குள் விட்டு இறுக்கும் தையல், வேகத்திலும் உறுதியிலும் குறைந்ததல்ல. தோலைத் தொட்டதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தீண்டாமைக்கு ஆளானவர்களின் கையில் இருந்த அந்த அறிவு, கையேடுகளில் பெரும்பாலும் ஏறவில்லை. அதே வேலை மேல்நாட்டுக் கருவிகளோடு நகரத்து மாடிவீடுகளுக்கு வந்தபோதுதான் அதற்குக் கலை என்ற பெயர் கிடைத்தது.

இனி விளிம்பு. தைத்து முடித்த அடுக்குகளின் ஓரம் முதலில் கூரான கத்தியால் ஒரே மட்டமாக வெட்டப்பட்டு, 220 அல்லது 400 எண் உப்புத்தாளால் தேய்க்கப்படுகிறது. பிறகு, நுனியில் சிறு பிளவுள்ள விளிம்புச் சீவுளி, மேல்முனையையும் கீழ்முனையையும் மெல்லிய நூலாகச் சீவி எடுத்துச் சதுர ஓரத்தை உருண்டையாக்குகிறது. சீவல் அறுபடாமல் முழுநீளத்துக்கும் சுருண்டு வந்தால் கருவி கூராக இருக்கிறது என்று பொருள். சாயமிடுவதானால் இப்போது இட வேண்டும். மெழுகு ஏறியபின் சாயம் உள்ளே இறங்காது. அடுத்து ஈரம். ஈரத்துணியாலோ, ஈரான் முதலிய நாடுகளின் வறண்ட மலைகளில் வளரும் முட்புதரிலிருந்து எடுக்கும் டிராககாந்த் பிசினின் கரைசலாலோ, ஜப்பானியத் தயாரிப்பான டோகோனோலேயாலோ ஓரத்தை இலேசாக நனைத்து, நீள்பள்ளம் கடைந்த மரத் தேய்ப்பானாலோ முரட்டுக் கித்தான் துணியாலோ விரைவாகத் தேய்க்கிறார்கள். நனைந்த இழைகள் உராய்வின் சூட்டில் தளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பிசினால் பிணைந்து இறுகுகின்றன. தொடக்கத்தில் சரசரவென்று கேட்கும் ஓசை சற்று நேரத்தில் அடங்கி, தேய்ப்பான் வழுக்கத் தொடங்கும். அதுதான் நிறுத்த வேண்டிய தருணம். நீர் மிகுந்தாலோ, மிகையாக அழுத்தினாலோ ஓரம் காளான்போல் இருபுறமும் பிதுங்கிவிடும். அப்போது மீண்டும் உப்புத்தாளிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு முறை தேய்த்ததோடு நிறுத்துபவர்களும் உண்டு. அந்த ஓரம் கடையில் மின்னும், சட்டைப் பையில் சில வாரம் கிடந்தால் மீண்டும் நார் எழும்பும். 600, 1000 என்று மேலும் மேலும் நுண்ணிய தாள்களால் தேய்த்து, ஒவ்வொரு முறையும் நனைத்து மெருகிட்டு, இறுதியில் தேன்மெழுகைச் சூடான இரும்பால் உருக்கி இழைகளுக்குள் இறக்கி, துணியால் துடைத்தெடுக்கும்போதுதான் அடுக்குகளின் இடைக்கோடு மறைந்து, ஓரம் ஒரே துண்டிலிருந்து கடைந்தெடுத்தது போலாகும். மெழுகில் சிறிது கார்னௌபா கலந்தால் கடினமும் பளபளப்பும் கூடும். அது பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் இலையிலிருந்து கிடைப்பது.

குரோம் தோலுக்கு இந்த வழி இல்லாததால், அதன் ஓரத்தில் நிறமிகள் கலந்த செயற்கைப் பிசின் பூச்சைப் பல படலங்களாக ஏற்றி, இடையிடையே உப்புத்தாளால் சமன்செய்து, சூடான இரும்பால் இழைக்கிறார்கள். பாரிஸின் உயர்விலைப் பைகள் பலவற்றில் இந்த வேலைப்பாடு வியக்கத்தக்க ஒழுங்கோடு இருக்கும். ஆனாலும் அது தோலின்மேல் போர்த்திய வேறொரு பொருள். மடிப்புகளில் ஒருநாள் வெடித்து உரியும். மெருகிட்ட ஓரத்திலோ உரிவதற்கு வேறு பொருள் எதுவும் இல்லை.

நிறமேற்றுவதில் பொழுதுபோக்காளர் பெரும்பாலும் சாராயத்தில் கரைந்த சாயங்களைப் பயன்படுத்துகிறார்கள். அவை விரைந்து இறங்கும், திட்டுத்திட்டாகவும் இறங்கும். கறுப்பு ஒன்றுக்கு மட்டும் சாயமே தேவையில்லாத பழைய வழி இருக்கிறது. எண்ணெய்ப் பசை நீக்கிய இரும்பு நாரைக் காடியில் சில நாட்கள் ஊறவிட்டால் கிடைக்கும் இரும்பு அசிட்டேட் கரைசலை, டானின் ஏறிய தோலில் தடவிய சில நொடிகளில் அது கறுக்கும். கறுப்பு மேலே பூசியதாக இல்லாமல் இழைக்குள்ளேயே விளைவதால் துணியில் ஒட்டாது. பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து எண்ணெய் தடவ வேண்டும்; இல்லாவிட்டால் தோல் நொறுங்கும். கடுக்காய்வகை டானினில் நீலம் கலந்த கருமையும், ஆவாரைவகையில் பச்சை கலந்த கருமையும் தோன்றும். கலம்காரி ஓவியர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் புளிக்கவைத்து, கடுக்காய் ஊட்டிய துணியில் கருங்கோடு வரைவதும் இதே வினைதான்.

மேற்பூச்சில் மிதமே வேண்டும். மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய், சாயத்தால் வறண்ட தோலுக்கு உயிரூட்டும். அளவு மீறினால் தோல் தொய்ந்து, மயிர்த்துளைகளில் கறையாக நிற்கும். அக்ரிலிக் பூச்சு நீரைத் தடுக்கும், சாயம் ஒட்டாமல் காக்கும் என்பது உண்மையே. நீர் கலக்காமல் தடித்துப் பூசினால் தோல் ரெக்சின்போல் தோன்றும் என்பதும் உண்மை. மெழுகு மட்டும் பூசிய வெளிர்நிறத் தோல் கீறலை ஏற்கும், வெயிலில் தேன்நிறம் கொள்ளும், கைபட்ட இடங்களில் கருத்து மின்னும். பொழுதுபோக்காளர்கள் பாட்டினா என்று போற்றும் முதிர்ச்சி அதற்கே வாய்க்கும். தமிழகத்தின் அடைமழை மாதங்களில் அப்படிப்பட்ட தோல் எளிதில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அதை நெகிழிப் பைக்குள் பூட்டிவைக்காமல், பருத்தித் துணியில் சுற்றிக் காற்று உலவும் இடத்தில் வைத்து, பூஞ்சை தென்பட்டால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் ஆறவிட்டு, பிறகே மெழுகைத் தொட வேண்டும்.