அந்தரங்கக் காட்சியும் நெறியாளன் கடனும்

காதலர் இருவர் தனித்திருக்கும் காட்சியை நாடகமேடையில் நடிப்போர்க்கு அவையோரின் தொலைவு ஒரு காப்பாகும். திரைப்படத்தில் அக்காப்பு இல்லை. கண்ணிமையின் சிறு அசைவையும் கருவி அண்மையில் நின்று பதிவு செய்கின்றது. கதையில் இருவரும் தனியர். படப்பிடிப்புத் தளத்திலோ ஒளியமைப்போரும் ஒலிபதிவோரும் உதவியாளரும் அவர்களைச் சூழ்ந்து நிற்பர். பலர் நடுவே தனிமையை நடித்தல் முதிர்ந்த நடிகர்க்கே அரிது. நடிப்புப் பயிற்சி யாதுமில்லாத இளையோரை அதற்கு ஆயத்தப்படுத்துமிடத்தே நெறியாளனின் கலைத்திறனும் பண்பும் ஒருங்கே சோதனைக்குள்ளாகின்றன.

இச்சோதனையில் வென்றோருள் வங்கத்துச் சத்யஜித் றே தலைசிறந்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் நாவலைத் தழுவி அவர் இயற்றிய ‘அபூர் சன்சார்’ 1959ஆம் ஆண்டு வெளிவந்தது. அபுவாக நடித்த சௌமித்திர சட்டர்ஜி வானொலி அறிவிப்பாளராகப் பணியாற்றியவர், இருபத்துமூன்று வயதினர். அபர்ணாவாக நடித்த ஷர்மிளா தாகூர் பதின்மூன்று பதினான்கு வயதுப் பள்ளி மாணவி. இருவர்க்கும் அதுவே முதற்படம். எதிர்பாராத சூழலில் மணம் முடித்த இருவரிடையே அன்பு முகிழ்ப்பதை இவர்களைக் கொண்டே காட்டவேண்டிய பொறுப்பு றே அவர்களுடையதாயிற்று.

கல்கத்தாவின் வறிய மாடியறையொன்றில் விடியற்காலை. மணிக்கூடு ஒலிக்கின்றது. எழமுயலும் அபர்ணாவின் சேலைத் தலைப்பு கணவனின் ஆடையோடு முடியப்பட்டிருக்கின்றது. அவள் முடிச்சை அவிழ்த்து, உறங்குபவனைச் செல்லமாக ஓர் அடி அடித்துச் செல்கின்றாள். கண்விழித்த அபு, படுக்கையிற் கிடந்த கொண்டையூசியை எடுத்து விரலிடையே வைத்து நோக்குகின்றான். பின்னர், கரியடுப்பை மூட்டிக்கொண்டிருக்கும் மனைவியை நோக்குகின்றான். சிகரெட் பெட்டியைத் திறந்தால், உணவுக்குப்பின் ஒன்றே பிடிப்பதாகக் கூறிய வாக்கை நினைவூட்டும் சிறு கடிதம் அதனுள் இருக்கின்றது. காட்சி இவ்வளவே. தழுவலில்லை, முத்தமில்லை. எனினும் இல்லறத்தின் நிறைவு முழுவதும் அவ்வறையில் நிறைந்திருப்பதைக் காண்போர் உணர்வர்.

இவ்வெற்றியின் காரணம் யாது? றே அவர்கள் தம் நடிகரிடம் நாணத்தையோ காதலையோ நேரே கேட்கவில்லை. அவர்கள் கைகளுக்குச் செயலைக் கொடுத்தார். முடிச்சை அவிழ்த்தலும் ஊசியை நோக்குதலும் அடுப்பை மூட்டுதலும் எந்த இளையோரும் கூச்சமின்றிச் செய்யத்தக்கன. றே கூறிய சிறு சிறு குறிப்புகளைப் பின்பற்றியே நடித்ததாக ஷர்மிளாவும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். நடிப்பவர் செயலில் ஊன்ற, உணர்ச்சி காண்போர் உள்ளத்திற் பிறக்கின்றது. அகப்பாடல்களில் கருப்பொருள் வழியே உள்ளுறை உணர்த்தும் மரபைக் கற்றோர்க்கு இம்முறை புதிதன்று. கொண்டையூசி ஈண்டுக் கருப்பொருளாகி, கூறாதன அனைத்தையும் கூறிவிடுகின்றது.

முத்தக்காட்சியை விலக்கிய அக்கால இந்தியத் திரைவழக்கே இவ்வடக்கத்துக்குக் காரணம் எனச் சிலர் கூறலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின், அவ்வழக்குக்குட்பட்ட ஏனையோர் பலர் ஆடலையும் பாடலையும் நாடினர். றே ஓர் ஊசியை நாடினார். தடை எல்லார்க்கும் பொது. அதனைக் கலையாக்கிய தெரிவு அவர்க்கே உரியது.

இதற்கு மாறான நெறியும் உலகத் திரையில் உண்டு. இத்தாலிய நெறியாளர் பெர்னார்டோ பெர்ட்டலூச்சியின் ‘பாரிசில் இறுதித் தாங்கோ’ 1972இல் வெளிவந்தது. அதில் நடித்தபோது மரியா ஷ்னைடர் பத்தொன்பது வயதினர். வன்முறைக் காட்சியொன்றின் முக்கிய விவரம் படமாக்குவதற்குச் சற்று முன்னரே தமக்குக் கூறப்பட்டதென்றும், தாம் அவமானமுற்றதாகவும், திரையிற் கண்ட கண்ணீர் உண்மையானதே என்றும் அவர் 2007இல் கூறினார். நடிகையாக அன்றி ஒரு பெண்ணாகவே அவர் எதிர்வினையைப் பெற விரும்பியதாகப் பெர்ட்டலூச்சி 2013இல் ஒப்புக்கொண்டார்.

மெய்யான துயரே மெய்யான நடிப்பைத் தரும் என்பது இந்நெறியின் வாதம். இது கலையின் அடிப்படையையே மறுப்பதாகும். அவலத்தைக் காட்டவேண்டிய நடிகரை அவலத்துக்குள் தள்ளிப் படமெடுப்பின், அங்கே நடிப்பு எங்கே? நெறியாளன் படைத்தது யாது? பிறரின் துன்பத்தைப் பதிவு செய்தது மட்டுமே எஞ்சும். மேலும், காட்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் நினைவை நடித்தவர் வாழ்நாள் முழுதும் சுமப்பர். 2011இல் மறையும்வரை ஷ்னைடரின் பெயர் அக்காட்சியோடு பிணைந்தே பேசப்பட்டது.

அண்மைக்காலத்தில் திரையுலகம் இதனை உணரத் தொடங்கியுள்ளது. அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2018இல் இத்தகைய காட்சிகளுக்கெனத் தனி ஒருங்கிணைப்பாளரை அமர்த்தும் முறையை மேற்கொண்டது. அந்நாட்டு நடிகர் சங்கம் 2020இல் அதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அசைவுகள் யாவும் முன்னரே பேசி உடன்படப்படுதல், தளத்தில் வேண்டியோர் மட்டுமே இருத்தல், உடன்பாட்டை நடிகர் மீட்டுக்கொள்ளும் உரிமை ஆகியன இம்முறையின் உயிர்நாடி. இவை கலைஞனின் சுதந்திரத்தைக் குறைப்பன என்ற முறையீடும் எழுந்துள்ளது. முன்னரே வகுத்த அசைவால் நடனம் உயிரிழப்பதில்லை, காட்சியும் அத்தகையதே.

திரையில் அடக்கம் இருப்பதால் மட்டும் தளத்தில் அறம் இருந்ததென்று முடிவுகட்டல் ஆகாது. வெளிப்படையான காட்சி யாவும் அறம் பிழைத்ததென்றலும் ஆகாது. நடிகர்க்கு முன்னரே தெரிவித்து, அவர்தம் இசைவோடு, செய்யத்தக்க செயலைக் கொடுத்தானா என்பதே நெறியாளனை அளக்குங் கோல். இளையோரின் நம்பிக்கையைக் காத்தும் கலையின் உச்சியை எய்தலாம் என்பதற்கு அபு நோக்கிய கொண்டையூசி சான்றாகும்.