கழஞ்சும் கிராமும்: பண்டை நிறையலகுகளை மாற்றும் முறை குறித்து ஒரு மதிப்பீடு

கல்வெட்டுச் சான்றுகளைக் கொண்டு பொருளியல் வரலாறு எழுதுவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் அலகுச் சிக்கலாகும். ‘ஆயிரம் கழஞ்சு பொன்’ என்று எழுதியவுடன் அடைப்புக்குறிக்குள் ஒரு கிராம் கணக்கைத் தந்துவிட்டு மேலே செல்வது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. மாணவர் ஆய்வேடுகளில் அக்கணக்கு மூன்று தசம இடங்கள்வரை நீள்வதையும் காண்கிறோம். நம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நாமும் அதனையே செய்தோம். அவ்வெண் எவ்வழியாகக் கிடைத்தது என்று அன்று எவரும் கேட்கவில்லை; நாமும் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வினாவை இப்போதாவது எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசன் காலத்து இக்கல்வெட்டுகள் பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகலன்களைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாகத் தெளிவாகக் குறிப்பிடுகின்றன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனப் படிப்படியாக இறங்கி நிறை பதிவாகியுள்ளது. 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. இவ்விகிதங்களில் ஐயமில்லை. ஆனால், விகிதம் உறுதியாக இருப்பதால் கிராம் கணக்கும் உறுதியாகிவிடாது. ஏணியின் படிகளுக்கிடையே உள்ள இடைவெளி தெரிந்தாலும், ஏணி எங்கே ஊன்றப்பட்டது என்பது தனியே அறியப்பட வேண்டும்.

அதனை அறியப் பெரிதும் நாடப்படுவது விதைவழி. குன்றிமணியை அடிப்படையாகக் கொள்வோர் வட இந்திய ‘ரத்தி’யின் மதிப்பை ஏற்பர். 96 ரத்தி கொண்ட தோலா 180 கிரெய்ன், அதாவது 11.664 கிராம். ஆகவே, ரத்தி 0.1215 கிராம், 40 குன்றி கொண்ட கழஞ்சு 4.86 கிராம் ஆகிறது. மஞ்சாடியை அடிப்படையாகக் கொள்வோர்க்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. மலாய்ப் பொற்கொல்லர்கள் ‘சாகா’ எனக் குறித்தது மஞ்சாடி விதையையே. நீரிணைக் குடியேற்றங்களின் வழக்கில் 12 சாகா 1 மாயம். 16 மாயம் 1 பொங்கால். பொங்கால் 832 கிரெய்ன். இவ்வழியில் சாகா 0.281 கிராம், 20 மஞ்சாடி கொண்ட கழஞ்சு ஏறத்தாழ 5.62 கிராம் ஆகிறது. ஒரே கழஞ்சுக்கு இருவேறு விடைகள். ஆயிரம் கழஞ்சுக்கு வேறுபாடு முக்கால் கிலோகிராமுக்குச் சற்று மிகுதி.

இவற்றுள் எது சரி என்று கேட்பதற்குமுன் இரண்டும் எதை அளக்கின்றன என்று பார்த்தல் வேண்டும். 180 கிரெய்ன் என்பது 19ஆம் நூற்றாண்டுக் கும்பினி ரூபாயின் எடை. 832 கிரெய்ன் என்பது இரண்டு ஸ்பானிய டாலர்களின் எடை. விதையின் பெயர் நிலைத்திருக்க, அதன் மதிப்பை நாணயம் நிர்ணயித்துவிட்டது. எனவே, இவ்விரு வழிகளிலும் நாம் இராசராசனின் கல்லை எட்டவில்லை. குடியேற்றக் காலத்து நாணயத்தையே எட்டியிருக்கிறோம். விதைகளையே எடுத்து நிறுக்கலாமே எனின், ஒரு மரத்து விதைகளே தம்முள் ஒத்த நிறையின அல்ல. கல்லுக்குப் பெயரிட்டுக் குறித்த சோழர் அலுவலர் இதனை அறிந்திருந்தனர் எனலாம்.

எடை, நிறை என்னும் சொற்களையும் மயங்கக் கூடாது. துலாக்கோல் ஒரு தட்டிலுள்ள பொருளை மறுதட்டிலுள்ள கல்லோடு ஒப்பிடுகிறது. புவியீர்ப்பு இருபுறமும் ஒத்திருப்பதால் அது காட்டுவது அறிவியல் கூறும் நிறையே. ஆகவே, கழஞ்சைக் கிராமில் கூறுவது கொள்கையளவில் முற்றிலும் பொருந்தும். குறை மாற்றத்தில் இல்லை, சான்றில் உள்ளது. கிலோகிராமும் 2019 மே 20 வரை பாரிசுக்கு அருகே காக்கப்பட்ட ஓர் உலோக உருளையையே சார்ந்திருந்தது. அதன் பின்னரே பிளாங்க் மாறிலியால் வரையறுக்கப்பட்டது. அவ்வுருளை அறிவியலாருக்கு எதுவோ, அதுவே ஆடவல்லான் கல் தஞ்சைப் பண்டாரத்துக்கு. அக்கல் நம் கையில் இல்லாதபோது மூன்று தசம இடங்கள் தருவது துல்லியமாகாது. துல்லியத்தின் தோற்றமே ஆகும்.

இதனால் மாற்றமே கூடாது என்பது நம் கருத்தன்று. மூல அலகை முதலில் தருக; மாற்றிய வழியைக் கூறுக; ஒற்றை எண்ணுக்கு மாறாக, ‘ஏறத்தாழ 5 கிராம்’ என்றோ, வழிகளுக்கேற்ப ஒரு வீச்சாகவோ தருக. ஒரே கல்லால் நிறுத்த இரு கொடைகளை ஒப்பிடுவதாயின் கிராமே வேண்டியதில்லை, கழஞ்சே போதும். வெவ்வேறு ஊர்க் கொடைகளைக் கிராமில் கூட்டி, ஒரு பேரரசின் செல்வத்தை மதிப்பிடும்போதுதான் பிழை பெருகுகிறது. வகுப்பறையில் ‘ஒரு கழஞ்சு எத்தனை கிராம்?’ என்று மாணவர் கேட்டால், ‘எந்தக் கல்லால் நிறுத்த கழஞ்சு?’ என்று திருப்பிக் கேட்கப் பழகுவோமாக.