'பாரம்பரியம்' என்பவர் யார்? பெலாரஸ் இசை கேட்ட குறிப்புகள்

இணையத்தில் பெலாரஸ் இசை என்று தேடினால் முதல் ஆளாக வந்து நிற்பது மோல்ச்சாட் டோமா. 'வீடுகள் மௌனமாக இருக்கின்றன' என்று அர்த்தம். மின்ஸ்க் நகரத்துக் குழு. 2018இல் வந்த 'எத்தாஜி' (மாடிகள்) ஆல்பத்திலிருந்து 'சுத்னோ' என்ற பாட்டு 2020இல் டிக்டாக் வழியாக உலகம் சுற்றியது. நானும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன். டிரம் மெஷின், சில்லென்ற சிந்தசைசர், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு ஆண் குரல். பிடிச்சுப்போச்சு. ராத்திரி வேலை முடிந்து ஒரு மாதம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் விவரங்களைப் பார்த்தேன். பாட்டின் மொழி ரஷ்யன். வரிகள், யெகாதரின்பர்க் நகரில் வாழ்ந்து 26 வயதில் தற்கொலை செய்துகொண்ட ரஷ்யக் கவிஞர் போரிஸ் ரிழியின் கவிதை. 'சுத்னோ' என்பது ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வைக்கும் மலத்தட்டு. அதற்குத்தான் உலகமே ஆடிக்கொண்டிருந்தது. சரி, ஆல்பம் அட்டையில் இருக்கும் அந்தக் கான்கிரீட் கட்டடமாவது மின்ஸ்க்கா என்றால், அதுவும் இல்லை. ஸ்லோவாக்கியாவில் இருக்கும் பனோரமா ஹோட்டல்!

மொழி, கவிதை, கட்டடம் மூன்றுமே வெளியூர். 'அப்போ பெலாரஸ் எங்கேய்யா?' என்று கேட்டுக்கொண்டு அடுத்த கட்டத் தேடலில் இறங்கினேன்.

முதலில் ஒரு தேடல் குறிப்பு. பெலாரஸ் நாட்டின் மொழிக்கு ரஷ்ய மொழியில் 'பெலோருஸ்கயா' என்று எழுதுவார்கள். அந்த மொழிக்காரர்களே எழுதும்போது 'பெலாருஸ்கயா'. நடுவில் ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம் (ரஷ்யனில் 'ஸ்' இரட்டிக்கும், அவ்வளவுதான்). மொழிபெயர்ப்பியில் பெலாரஸ் மொழியைத் தேர்ந்தெடுத்து அந்தச் சொல்லை எடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டிப் பாருங்கள். முடிவுகள் தலைகீழாக மாறும்.

இன்னொரு அடையாளம், அவர்களுடைய 'குட்டை உ'. சிரிலிக் 'உ' எழுத்தின் தலையில் ஒரு குட்டிப் பிறை வைத்தால் அதுதான். ஆங்கில டபிள்யூ மாதிரி ஒலிக்கும். ரஷ்ய மொழியில் இது கிடையாது. போலத்ஸ்க் நகரத்தில் இந்த ஒரு எழுத்துக்கு நினைவுச்சின்னமே வைத்திருக்கிறார்கள் (2003). பாட்டின் தலைப்பில் இந்தப் பிறையைப் பார்த்தால் பெலாரஸ் மொழிதான் என்று பெரும்பாலும் நம்பலாம்.

'பெரும்பாலும் நம்பலாம்' என்றாலும், எல்லா இடத்திலும் அந்தப் பிறை கண்ணில் படாது. யூனிகோடில் இந்த எழுத்துக்குத் தனி எண் உண்டு. 'உ', 'பிறை' என்று இரண்டாகவும் பிரிக்கலாம். தேடலை எளிதாக்க, மேலே கீழே இருக்கும் குறிகளை உதிர்த்துவிட்டுச் சேமிப்பது எங்கள் தொழிலில் சகஜம். நானே அப்படி நிரல் எழுதியிருக்கிறேன். பிறை உதிர்ந்தால் எழுத்து ரஷ்ய எழுத்தாகிவிடும். ஒரு மொழியின் அடையாளத்தை ஒரு வரி நிரலில் துடைத்துவிட்டுப் போகிறோம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

இந்தத் தேடலில் கிடைத்த பெரிய புதையல் பெஸ்னியாரி. 1969இல் மின்ஸ்கில் தொடங்கிய குழு. கிராமத்துப் பாட்டுகளையும் யான்கா குபாலா போன்றவர்களின் கவிதைகளையும் எலெக்ட்ரிக் கிதாரோடு கொண்டுவந்தார்கள். யாஸ் என்ற பையன் தீவனப்புல் அறுக்கிற பாட்டைக் கேளுங்கள். பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். 1976இல் அமெரிக்காவில் சுற்றுப்பயணமே செய்தார்கள். சோவியத் காலத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை.

இதுதான் அசல் என்று நான் முடிவு கட்டிய நேரத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. குழுவை உருவாக்கிய முல்யாவின் பெலாரஸில் பிறந்தவரே இல்லை. அவர் பிறந்தது யூரல் மலைப்பக்கத்து ஸ்வெர்த்லோவ்ஸ்கில், 1941இல். அந்த ஊரின் இன்றைய பெயர்? யெகாதரின்பர்க். போரிஸ் ரிழியின் அதே ஊர்!

யூரல்காரர் ஒருவர் பெலாரஸ் மொழியைக் கற்று அதை உலக மேடைக்குக் கொண்டுபோனார். இன்னொரு யூரல்காரரின் ரஷ்யக் கவிதையை மின்ஸ்க் பையன்கள் உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். எது பெலாரஸ் இசை? இரண்டும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1995 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு ரஷ்யனும் அங்கே அரசு மொழி. மின்ஸ்க் தெருவில் அதிகம் காதில் விழுவதும் அதுதான். 2005இல் வந்த வானொலி விதி 75 சதவீதம் உள்நாட்டு இசை வேண்டும் என்றதே தவிர, எந்த மொழியில் என்று கேட்கவில்லை. ஆகவே 'பெலாரஸ் மொழியில் இருந்தால்தான் பெலாரஸ் பாட்டு' என்ற என் அளவுகோல் உடைந்துவிட்டது.

வேறு அளவுகோல் ஒன்றை எனக்குக் காட்டியது 'குபாலின்கா'. கோடை நடுவில் வரும் குபாலா இரவுத் திருவிழாவோடு சேர்ந்த பாட்டு. மெதுவாக, தாலாட்டு மாதிரி போகும். 2020 தேர்தலுக்குப் பிந்தைய போராட்டங்களில் மக்கள் கூடிநின்று பாடியது. 'வோல்னி ஹோர்' (சுதந்திரப் பாடகர் குழு) வணிக வளாகங்களில் திடீரென்று நின்று பாடிய வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். கையில் பையோடு நடந்து போகிறவர்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

பாட்டுக்கடைகளில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பல பதிவுகளில் 'பாரம்பரியம்' அல்லது 'நாட்டுப்பாடல்' என்றிருக்கும். என் பட்டியலிலும் அப்படித்தான் இருந்தது. உண்மையில் இது 1921இல் மின்ஸ்கில் அரங்கேறிய 'குபாலா இரவு' நாடகத்துக்காக வந்த பாட்டு. சொல், கவிஞர் மிகாஸ் சாரட். இசை, பாடகர் குழு நடத்துநர் உலாட்ஸிமிர் தெராவ்ஸ்கி. சாரட்டை 1937 அக்டோபரில் சுட்டுக்கொன்றார்கள். மின்ஸ்கில் எழுத்தாளர்களும் அறிஞர்களுமாக நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்ட இரவு அது. தெராவ்ஸ்கியை 1938இல் கொன்றார்கள். மக்களின் எதிரி என்று கொன்றவர்களின் பெயரை மேடையில் சொல்ல முடியாதே! பாட்டு மட்டும் தங்கியது, பெயர்கள் போயின. அந்த வெற்றிடத்தைத்தான் 'பாரம்பரியம்' என்ற சொல் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. டோர் பேண்ட் என்ற ராக் குழு 2020இல் பாடிய பாட்டுகள், ரஷ்ய மொழியில்தான், போராட்டக்காரர்களின் வாயில் புழங்கின. குழுவினரை 2022இல் கைது செய்தார்கள், 2023இல் 7.5 முதல் 9 ஆண்டு வரை சிறைத்தண்டனை. குழுவே 'தீவிரவாத அமைப்பு' பட்டியலில். அங்கே அப்படிப் பட்டியலில் ஏறிய ஒன்றைப் பகிர்ந்தால் பகிர்ந்தவருக்கும் தண்டனை உண்டு. நான் போகிற போக்கில் தட்டிவிடும் பகிர்வுப் பொத்தான், கோமெலிலோ கிரோத்னோவிலோ இருக்கும் ஒருவருக்குப் போலீஸ் வழக்கு.

அதனால் என் அளவுகோல் இப்போது மொழியோ கட்டடமோ இல்லை. இதைச் செய்தது யார், அவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மோல்ச்சாட் டோமா இந்தச் சோதனையில் தேறுகிறார்கள். பாட்டுத் தலைப்பிலேயே போரிஸ் ரிழி பெயரைப் போட்டிருக்கிறார்கள். 'மின்ஸ்க் என்றாலே சாம்பல் நிறச் சோகம்' என்று எனக்கு அடுக்கியது பரிந்துரை இயந்திரம். அந்தப் பழியை அவர்கள் தலையில் போட முடியாது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் வரிசை: பெஸ்னியாரி, மேற்கு பெலாரஸ் போலந்தின் கீழ் இருந்த காலத்தைப் பாடும் 1997 ஆல்பம் 'நரோத்னி அல்போம்', நாட்டார் இசைக்கு ட்ரோய்ட்ஸா, ராக் என்றால் லாவோன் வோல்ஸ்கியின் என்.ஆர்.எம். கடைசியில் ஒருமுறை 'குபாலின்கா'.

நேற்று ராத்திரி என் பட்டியலில் 'பாரம்பரியம்' என்பதை அழித்துவிட்டு இரண்டு பெயர்களையும் தட்டச்சு செய்தேன். தெராவ்ஸ்கி பெயரில் அந்தக் குட்டிப் பிறை வருகிறது. என் விசைப்பலகையில் அது கிடையாது. தேடி எடுத்து ஒட்டினேன்.