காதல் மர்மக் கதையும் கதை வகுப்பும்

கதை எழுதும் ஆற்றல் பிறவிப் பேறு, கற்பிக்க வொண்ணாது என்பார் பலர். 1950, 51-ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் "தமிழ் நேச"னில் நடத்திய கதை வகுப்பே அவர்க்குத் தக்க மறுமொழி. காதல் மர்மக் கதைக்கென அத்தகைய வகுப்பொன்று ஜாசினிலோ அலோர் காஜாவிலோ நடைபெறுமாயின், முதற்பாடம் யாது?

1908-இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் "இராஜாம்பாள்" காதலையும் துப்பறிவோனையும் ஒரு கதையிற் பிணைத்தது. பின்வந்தோர் பலர் துப்பறிவோனைப் பற்றிக்கொண்டனர். காதலரின் அச்சத்தைக் கைவிட்டனர். மாறுவேடமும் சுரங்க வழியும் நமக்கெதற்கு?

ரப்பர் செழித்திருந்த நாட்களையே களமாகக் கொள்வோம். விடியுமுன், தலையில் விளக்கைக் கட்டி, அடுத்தடுத்த நிரைகளில் மரஞ் சீவுகின்றனர் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும். இருவரும் வெவ்வேறு சாதியினர். இதை வாசகர் முதற் பக்கத்திலேயே அறிந்துவிட்டாற் போதும், பிணமொன்றுந் தேவையில்லை. ஒரு விளக்கு அவிந்தாலும் நெஞ்சு திடுக்கிடும். கொலைஞன் யாரென்று தேடவும் வேண்டுவதில்லை. கோயிற் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் அனைவரையும் வாசகர் அறிவர். (இதை வெளிப்பட எழுத அஞ்சியே நம்மவர் சுரங்கம் தோண்டினர் போலும்!)

மாணாக்கர்க்கு யான் தரும் பயிற்சி இது: மறுநாட் காலைப் பெரட்டில் அப்பெண்ணின் பெயரைக் கிராணி இருமுறை அழைக்கிறார், மறுமொழி இல்லை. அக்கணத்தை அவள் தாயின் பக்கத்தில் நின்று எழுதுக. துப்பறிவோன் வரலாகாது.