சேய்மையும் அண்மையும்: மலையேரி ஓவியம் பற்றிய ஒரு நோக்கு

ஓங்கிய மலையையும் அதன் அடியிற் கிடக்கும் ஏரியையும் ஒரு முழத் திரையில் அடக்குதல் எங்ஙனம் கூடும்? இப்பழைய வினாவிற்கு இருவேறு மரபுகள் இருவேறு விடை தந்துள்ளன.

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசற் குகைக்கோயிலின் விதானத்தில், கி. பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மலர் கொய்வோரும் யானையும் எருமையும் மீனும் அங்கே ஒத்த தெளிவுடன் தோன்றுகின்றன. சேய்மை என்பதே அங்கு இல்லை. அதனைக் குறையெனல் பொருந்தாது. தடாகத்தின் நிறைவைக் காட்டுதலே அவ்வோவியத்தின் நோக்கம். அதற்கு எப்பொருளும் மங்குதல் ஆகாது.

ஆங்கில ஓவியர் டர்னர் 1842இல் நீர்வண்ணத்தில் தீட்டிய ‘நீல ரிகி’ இதற்கு மறுதலையானது. சுவிற்சர்லாந்தின் லூசேர்ன் ஏரிக்கு அப்பால், விடியற்போதில், ரிகி மலை கல்லும் மரமும் புலப்படாத நீல வடிவாக நிற்கின்றது. அண்மையில் நாய்களும் நீர்ப்பறவைகளும். இடையே ஒளி தோய்ந்த நீர்ப்பரப்பு. இங்கே ஆழத்தைப் படைப்பது கோடன்று, காற்றேயாம்.

தொலைமலை நீலமாதல் ஓவியனின் கற்பனை அன்று. இடைநிற்கும் காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதால் அந்நிறம் மலைமேற் படர்கின்றது. இதனால் நிறம் வெளிறும், நிழலின் கருமை குன்றும், விளிம்பு நெகிழும். நீருக்கும் ஒரு நியதி உண்டு. காலடி நீரில் அடிக்கல் தெரியும்; தொலைநீர் வானையும் மலையையுமே காட்டும். ஆகவே ஆழங் காட்டுதல் என்பது பெரும்பாலும் விலக்கத்தக்கவற்றை விலக்கும் அறிவேயாகும். தொலைவிலுள்ள மரத்திற்கும் இலை தீட்டுவோன், தான் கண்டதை விடுத்து, தான் அறிந்ததைத் தீட்டுகிறான்.

நாட்காட்டியின் பனிமலையைப் பார்த்தெழுதும் இளம் ஓவியர் பலரிடம் காணப்படும் குறையும் இதுவே. அவர்தம் படத்தில் மலை உண்டு, ஏரி உண்டு. இரண்டிற்கும் இடையே காற்று இல்லை. காணாத பனியைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. உக்குவளையில் வைகறைதோறும் மூடுபனி குன்றுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து வைக்கின்றது. பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழி வந்து, 1976 முதல் உக்குவளை மின்னிலையத்தை இயக்கிவரும் மகாவலி நீர், வடக்கே போவத்தென்ன நீர்த்தேக்கத்திற் சென்று தங்குகின்றது. மலையும் ஏரியும் ஈண்டே உள.

சித்தன்னவாசல் நிறைவைக் கற்பிக்கின்றது. டர்னர் இடைவெளியைக் கற்பிக்கின்றார். எதனைக் கொள்ளினும் தன் கண்ணாற் கண்டு கொள்ளுதலே ஓவியனுக்கு அழகாம்.