ஒரு நயா பைசா துப்பு

தமிழில் துப்பறியும் கதை பிறந்தபோது அதற்குச் சிரிக்கத் தெரியாது. 1894-இல் பண்டித நடேச சாஸ்திரி எழுதிய தானவன் கதையிலிருந்து ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலம் வரை மர்மம், மாறுவேடம், நீதிபோதனை என்றுதான் ஓடியது. பின்னால் வந்த தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடிப்பார், சிரிக்கவைக்க மெனக்கெடமாட்டார்.

சிரிப்பை அழைத்து வந்தவர் தேவன். 1942-இல் ஆனந்த விகடனில் துப்பறியும் சம்பு நுழைந்தான். நீண்ட மூக்கு, பாங்கு குமாஸ்தா உத்தியோகம், மந்த புத்தி. அவன் எதையாவது உளறுவான், எங்காவது தடுக்கி விழுவான். விழுந்த இடத்தில் திருடன் அகப்படுவான். இன்ஸ்பெக்டர் கோபாலனுக்கு அவன் மகா மேதை. உண்மை நமக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரியும். இதைப் பார்த்து எழுத வந்தவர்கள் சறுக்கிய இடம் ஒன்றுதான்: தற்செயல் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். சம்புவின் தற்செயல் அவன் சுபாவத்திலிருந்து வருவது. வேறொருவன் அந்த இடத்தில் தடுக்கியிருக்கமாட்டான்.

அடுத்தது ஜோடிப் பள்ளி. சுஜாதாவின் கணேஷ்–வசந்த் தொழிலால் வக்கீல்கள். ஆனாலும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி இன்னும் நேரடி வாரிசுகள். இங்கே குற்றம் கறாராக இருக்கும். சிரிப்பு பேச்சில் இருக்கும், சுசீலாவின் டி-ஷர்ட் வாசகத்தில்கூட இருக்கும். நன்றாக எழுதப்பட்டால் சுகம். ஆனால் கடியை மட்டும் வைத்துக்கொண்டு கொலையை மறந்துபோன பாக்கெட் நாவல்களையும் நான் படித்திருக்கிறேன்.

இவர்கள் எல்லோரும் தங்கள் நிகழ்காலத்தைத்தான் எழுதினார்கள். சம்புவின் சென்னையில் டிராம் ஓடியதென்றால், தேவனின் சென்னையிலும் அது ஓடியது. இன்று பழைய பத்தாண்டு ஒன்றில் துப்பறிவாளனை உலவவிட நினைப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஹரிணி நாகேந்திரா ஆங்கிலத்தில் 1921-ஆம் வருஷத்துப் பெங்களூரை எழுதுகிறார். 2015-இல் வந்த ப்யோம்கேஷ் இந்திப் படம் 1943-ஆம் வருஷத்துக் கல்கத்தாவைக் கட்டிக் காட்டியது. இந்த வகைக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்று: வருஷத்தை அழித்துவிட்டுப் படியுங்கள். கதை அப்படியே நின்றால், காலம் அங்கே வெறும் நாடக உடை. டிராமும் தந்தியும் ஜட்காவும் வரிசையாக வந்து கும்பிட்டுப் போவதற்குப் பெயர் காலக்கதை இல்லை, அது பொருட்காட்சி.

காலம் எப்படி வேலை செய்யவேண்டும்? 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்றுதான் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்றிருந்தது 100 நயா பைசா ஆயிற்று. பழைய காசும் கூடவே புழங்கியது. ஒரு அணாவுக்குச் சரிக்கணக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? எனவே ஒரு அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19 என்று வைத்தார்கள். ஓரணாச் சாமானை மூன்று தடவை தனித்தனியாக வாங்கினால் 18. ஒரே தடவையில் மூன்று வாங்கினால் 19. ஒரே தடவைதான் கடைக்குப் போனேன் என்று சாதிக்கிறான் ஒருவன்; கடைக்காரர் சிட்டையிலோ அவன் பெயருக்கு நேரே 18. துப்பறிவாளர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. தன் பாக்கியில் ஒரு நயா பைசா கூடிவிட்டதென்று கடைக்காரரோடு சண்டைக்கு நிற்கும்போது சிட்டை அவர் கண்ணில் படுகிறது. சிரிப்பும் துப்பும் ஒரே காசில். இந்தக் கதையை 1956-க்கு நகர்த்திப் பாருங்கள், நகராது.

உரையாடலில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பொருளை நூலகத்தில் தேடி எடுத்துவிடலாம். பேச்சு அப்படிச் சிக்காது. 1948-க்குப் பிந்திய சென்னையில், மதுவிலக்கு அமலில் இருக்க, கட்சிக்காரர் தொலைந்த பார்சலில் என்ன இருந்ததென்று சொல்லாமல் மென்று விழுங்குவது அருமையான தொடக்கம். அடுத்த வரியிலேயே துப்பறிவாளர் “சான்ஸே இல்ல” என்று சொன்னால் போச்சு.

நாற்பதுகளே வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. 1990-கூட இப்போது பழங்காலம்தான். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்று எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசை நிற்கிறது. உள்ளே துப்பறிவாளர் மீட்டரில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, கட்சிக்காரரிடம் திருடனின் அங்க அடையாளங்களைக் கத்திக் கத்திச் சொல்கிறார். வரிசையில் அடுத்து நிற்பவர், “சார், கொஞ்சம் சீக்கிரம்” என்று கண்ணாடிக் கதவைத் தட்டுகிறார். சொன்ன அடையாளம் ஒன்றுகூடத் தப்பவில்லை.